ஒரு கையில் காபி டம்ளர்: சின்ன பால்கனிக்கு எந்த இருக்கை?

எங்கள் பால்கனியின் உள் அளவு எட்டரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். சென்டிமீட்டரில் 259க்கு 114. திருவான்மியூரில் இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த வீடு. கடல் தெரியாது. ஆனால் மதியத்துக்கு மேல் கடற்காற்று தேடி வந்துவிடும். இந்த இடத்துக்குள் துணி காய வேண்டும், மாப்பும் வாளியும் நிற்க வேண்டும், ஐந்தாறு செடித் தொட்டிகள் இருக்க வேண்டும். மிச்சத்தில் காலையில் நானும் என் கணவரும் காபி குடிக்க வேண்டும். மாலையில் அம்மா உட்கார்ந்து கீரை ஆய வேண்டும், பூத் தொடுக்க வேண்டும். சில நாட்களில் எனக்கு மடிக்கணினியில் ஒரு மணி நேர வேலையும் இருக்கும்.

ஏழெட்டு ஆண்டுகளில் இந்தப் பால்கனிக்காக வாங்கியவையும், செய்து வைத்தவையும், பிறர் வீடுகளில் உட்கார்ந்து பார்த்தவையும் ஏராளம். “இடத்தை அடைக்காது” என்று சொல்லி விற்கப்படும் பொருட்களில் பெரும்பாலானவை மடித்த நிலையில் எவ்வளவு மெலிதாக இருக்கின்றன என்பதைத்தான் பெருமையாகச் சொல்கின்றன. நான் இப்போது வேறு ஒன்றைப் பார்க்கிறேன். ஒரு கையில் காபி டம்ளர் இருக்கும்போது மறு கையால் அதை விரித்து உட்கார முடிகிறதா? முடியாவிட்டால் அது பத்து நாட்கள் விரிக்கப்படும்; பிறகு சுவரோரம் சாய்ந்தே கிடக்கும். நானும் நின்றுகொண்டே காபியைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இதை நான் மூன்று பொருட்களில் அனுபவித்திருக்கிறேன். ஆகவே கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்தக் கணக்கில்தான் எடை போட்டிருக்கிறேன்.

முதலில் எப்படி உட்காரப் போகிறோம்

கடைக்குப் போகும் முன் இதைத் தீர்மானித்துவிட வேண்டும். வெளியே பார்த்தபடி, அதாவது வீட்டுச் சுவரில் முதுகு வைத்துக் கிராதியைப் பார்த்து உட்காரத்தான் எல்லாருக்கும் ஆசை. ஒரு சாதாரண நாற்காலி முன்னும் பின்னுமாக 50 செ.மீ. எடுக்கும். கால் வைக்க இன்னும் 30 செ.மீ. ஆக 80. எங்கள் அகலம் 114. மிச்சம் 34 செ.மீ.யில் துணி வாளியோடு யாரும் கடந்து போக முடியாது. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வழிவிட வேண்டும். மனிதர் ஒருவர் வசதியாக நடக்க 60 செ.மீ. வேண்டும்.

எனவே ஐந்தடிக்குக் குறைவான அகலமுள்ள பால்கனி என்றால் நீளவாக்கில் உட்காருவதே வழி. ரயிலில் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையைப் பகலில் இரண்டு இருக்கைகளாக மாற்றுவார்களே, அந்த அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் எதிரெதிரே உட்காருகிறார்கள், பக்கத்தில் ஜன்னல், நடைபாதைக்கு இடைஞ்சல் இல்லை. தலையைச் சற்றுத் திருப்பினால் தெரு தெரிகிறது, நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் தெரிகிறது. பேசுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் அனுபவம்.

கதவையும் பார்க்க வேண்டும். நகரும் கதவு என்றால் கவலை இல்லை. பால்கனிப் பக்கம் திறக்கும் கதவு என்றால், அது சுழலும் கால்வட்டம் முழுக்க இழந்த இடம். அடுத்து, கிராதியா, கட்டைச் சுவரா? கட்டைச் சுவர் என்றால் தரையிலோ தாழ்வான இருக்கையிலோ உட்காரும்போது சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாது. தரையின் சாய்வு இன்னொன்று. மழைநீர் வடிவதற்காகப் பால்கனித் தரையை வடிகுழாய்ப் பக்கம் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். கூடத்தில் ஆடாமல் நிற்கும் நான்கு கால் மேசை அங்கே ஆடும். முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால், தரை எப்படியிருந்தாலும் மூன்று கால்களும் ஊன்றிவிடும். நம் பழைய முக்காலியைப் பால்கனியில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை எனக்குத் தெரிந்தது.

மடக்கு நாற்காலியும் வட்ட மேசையும்

எல்லாரும் முதலில் வாங்குவது இதைத்தான்: இரும்புச் சட்டத்தில் இரண்டு மடக்கு நாற்காலிகள், நடுவில் ஒரு சின்ன வட்ட மேசை. படத்தில் மிக அழகாக இருக்கும். நாங்களும் வாங்கினோம். மடித்தால் ஒரு நாற்காலி 8 செ.மீ. தடிமன், இரண்டையும் சுவரில் கொக்கி அடித்து மாட்டினால் ஒரு சாண் கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. இது உண்மையான லாபம். வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம், சுவரில் பெரிய துளைகள் வேண்டாம், கூட்டம் வந்தால் கூடத்திலும் பயன்படும்.

டம்ளர் சோதனையில் இது தோற்கிறது. விரிக்க இரண்டு கைகளும் வேண்டும். மேசையையும் சேர்த்தால் மூன்று முறை குனிந்து நிமிர வேண்டும். எங்கள் வீட்டில் மேசை இரண்டே மாதத்தில் செடித் தொட்டிக்குத் தாங்கியாகிவிட்டது. நாற்காலிகளில் ஒன்று மட்டும் எப்போதும் விரித்தபடி இருந்தது. எப்போதும் விரித்தே இருக்கும் மடக்கு நாற்காலியைவிட, கை வைத்த சாதாரண நாற்காலி வசதியானது. அம்மாவால் அதில் உட்காரவே முடியவில்லை. கை வைக்கத் தண்டு இல்லாததால் எழும்போது எதைப் பிடிப்பது என்று திணறினார்.

அடுத்தது துரு. கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்ணப் பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும், துரு ஆரம்பிக்கும் இடங்கள் இரண்டு. மடியும் இடத்தில் உள்ள ஆணிகள் ஒன்று, கால் நுனியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் குல்லா மற்றொன்று. அந்தக் குல்லாவுக்குள் மழைநீர் தேங்கி, உப்போடு சேர்ந்து உள்ளிருந்தே இரும்பைத் தின்கிறது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது எங்கள் டைல்ஸில் எட்டு பழுப்பு வட்டங்கள் இருந்தன. இரும்புதான் வாங்குவேன் என்றால், மழைக்குப் பிறகு அந்தக் குல்லாக்களைக் கழற்றி உதறி வெயிலில் காய வையுங்கள். அந்த ஒரு பழக்கமே நாற்காலியின் ஆயுளை நீட்டிக்கும்.

“துருப்பிடிக்காத எஃகு” என்று சொல்லி விற்பதிலும் கவனம் தேவை. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல எஃகு என்று கடைக்காரர் காட்டுவார். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது ஏறக்குறைய சரி. ஆனால் நிக்கல் குறைந்த, மாங்கனீசு கூடிய 202 ரகத்திலும் அது ஒட்டாது. விலை மலிவான அறைகலன்களில் வருவது பெரும்பாலும் இந்த 202. உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகப் பழுப்பு விழும். உப்பைத் தாங்க மாலிப்டினம் சேர்த்த 316தான் சிறந்தது, ஆனால் வீட்டு நாற்காலிகளில் அது அரிதாகத்தான் கிடைக்கும். ரசீதில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அலுமினியமோ மரமோ நல்லது.

மரத்தில் தேக்கு நன்றாக உழைக்கும், விலை அதிகம். கருவேல இன மரச்சட்டங்களில் வரும் மடக்கு நாற்காலிகள் ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் பூசினால் தாக்குப்பிடிக்கின்றன. ரப்பர் மரம் வீட்டுக்குள் மட்டும்.

இங்கே சாய்வு நாற்காலியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மரச்சட்டமும் முரட்டுத் துணியும் கொண்ட அந்த ஈஸி சேர் தமிழ் வீடுகளுக்கு நெடுநாள் பழக்கமான மடக்கு அறைகலன். என் தாத்தா திண்ணையில் அதில் சாய்ந்தபடி செய்தித்தாள் படிப்பார். மழை வந்தால் ஒரே மடிப்பில் உள்ளே எடுத்துப் போவார். துணி நைந்தால் துணியை மட்டும் மாற்றலாம். மடித்தால் கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும். நீளவாக்கில் போட்டால் எங்கள் பால்கனியிலும் அது கொள்கிறது. ஆனால் அதில் சாய்ந்தவர் எழுவதற்கு முழங்காலில் வலு வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் உட்காரவும் இடம் போதாது. தனியாக வசிப்பவர், ஞாயிற்றுக்கிழமை மாலையைப் படித்தே கழிப்பவர் என்றால் தயங்காமல் இதை வாங்கலாம்.

கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி

இதைப் பரிந்துரைக்க யாரும் முன்வருவதில்லை. நான் முன்வருகிறேன். விரிக்க வேண்டியதில்லை. உட்கார வேண்டியதுதான். கைப்பிடி உண்டு, அம்மாவால் எழ முடிகிறது. மழையில் நனைந்தால் ஒரு துணியால் துடைத்தால் போதும். ஒன்றின்மேல் ஒன்றாக நான்கை அடுக்கினாலும் அது எடுக்கும் தரை இடம் ஒரு நாற்காலிக்கு உரியதுதான். இடத்தை மிச்சப்படுத்த மடிப்பு ஒன்றுதான் வழி என்றில்லை, அடுக்கவும் செய்யலாம்.

குறைகள் இரண்டு, இரண்டுமே உயிர் சம்பந்தப்பட்டவை. வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையை அடைகிறது. விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்த நாற்காலியின் காலம் முடிந்துவிட்டது. உட்கார்ந்தபடியே கால் முறியக்கூடும், வயதானவர் அதில் விழக்கூடாது. மற்றொன்று காற்று. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் எதிர் குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு நாற்காலி பறந்து தெருவில் விழுந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று தெருவில் யாரும் இல்லை. அதன்பிறகு அக்டோபர் பிறந்தால் எடை குறைந்த எதையும் இரவில் நான் வெளியே விடுவதில்லை.

கிராதியில் தொங்கும் மேசை

கிராதியின் மேல் கொக்கியிட்டு மாட்டும் சிறு பலகை. தரையில் ஒரு அங்குலம்கூட எடுக்காது, விரித்தபடியே விடலாம், மலிவு. காகிதத்தில் பார்த்தால் எல்லாப் போட்டியிலும் இதுதான் முதலிடம்.

நடைமுறையில் நான்கு இடங்களில் சறுக்குகிறது. கிராதியின் உயரம் ஒரு மீட்டர் அளவில் இருக்கும். சாதாரண நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. மேசை கிராதியின் மேல்மட்டத்திலேயே நின்றால் தோள் உயரத்துக்கு வந்துவிடும். உயரமான ஸ்டூல் வாங்க வேண்டும், அந்த உயரத்தில் கிராதியோரம் உட்காருவது எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே பலகையை 70, 72 செ.மீ.க்கு இறக்க முடிகிற ரகம்தான் வேண்டும். அடுத்து, கிராதியின் கைப்பிடிக் குழாய் எவ்வளவு தடிமன் என்று அளந்து பாருங்கள். சதுரக் குழாய்க்குச் செய்த கொக்கி உருண்டைக் குழாயில் வழுக்கும். மூன்றாவது, புறா வலை. சென்னையில் பாதி பால்கனிகளில் அது இருக்கிறது. வலையைக் கிராதிக்கு உட்புறமாகக் கட்டியிருந்தால் கொக்கி மாட்ட வழியே இல்லை. வெளிப்புறம் கட்டியிருந்தால் மாட்டலாம்.

நான்காவதாக, மேசை கிராதியில் இருந்தால் நாமும் கிராதியைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அகலவாக்கில் உட்கார்ந்தால் நடைபாதை போய்விடும் என்று மேலே சொன்ன கணக்கு இங்கே திரும்ப வருகிறது. நின்றபடி காபி குடிப்பவருக்கு டம்ளர் வைக்க இது நல்ல தட்டு. உட்காருபவருக்கு உதவாது. மேசையிலிருந்து எதுவும் வெளிப்பக்கம் விழாதபடி விளிம்பு கட்டாயம் வேண்டும். இரண்டாவது மாடியிலிருந்து விழும் எவர்சில்வர் டம்ளர் கீழே நிற்பவரின் மண்டையை உடைக்கும்.

சுவரில் மடியும் பலகை

சுவரில் இரண்டு மடக்குத் தாங்கிகளைப் பொருத்தி, அதன்மேல் பலகை. இறக்கிவிட்டால் சுவரிலிருந்து 5, 6 செ.மீ.தான் நீட்டியிருக்கும். ஒரு கையால் தூக்கினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்கிறது, டம்ளர் சோதனையில் தேர்ச்சி. ஆனால் இறக்கும்போது இரண்டு தாங்கிகளின் விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், பலகையின் எடையையும் தாங்க வேண்டும். அதனால் பலர் வீட்டில் அது இறக்கப்படுவதே இல்லை. எனவே விரித்த நிலையிலேயே இருந்தாலும் வழியை மறிக்காத அளவில் செய்யுங்கள். நான் முதலில் 45 செ.மீ. ஆழத்தில் செய்து, துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் இடுப்பில் இடித்துக்கொண்டு, பிறகு 30 செ.மீ.க்கு அறுக்கச் சொன்னேன். இரண்டு டம்ளர், ஒரு தட்டு, அல்லது மடிக்கணினி. இவற்றுக்கு 30 போதும்.

சுவர் என்ன சுவர் என்று தெரிந்துகொள்வது இதில் பாதி வேலை. துளையிடும்போது விழும் தூளைப் பாருங்கள். சிவப்பாக விழுந்தால் செங்கல், சாதாரண பிளக்கும் திருகும் பிடிக்கும். சாம்பல் நிறத்தில், துளைப்பான் திணறித் திணறி இறங்கினால் கான்கிரீட், அதைவிட உறுதி வேறில்லை. வெண்மையாக, மாவு போல, எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் அது இலேசான காற்றுக்கட்டி, அதாவது ஏ.ஏ.சி. பிளாக். புதிய அடுக்ககங்களில் அதுதான் அதிகம். அதில் சாதாரண பிளக் சில மாதங்களில் தளர்ந்து கழன்றுவிடும். அந்தக் கட்டிகளுக்கென்றே செய்த நீள ஆணிகள் வேண்டும், அல்லது பக்கத்தில் கான்கிரீட் தூண் வரும் இடத்துக்குப் பலகையை நகர்த்த வேண்டும்.

கடையில் இதை எச்சரிக்கவில்லை: வயதானவர்கள் எழும்போது கைக்கு எட்டும் எதையும் ஊன்றி எழுவார்கள். அம்மா பலகையின் விளிம்பில் கையை ஊன்றினார். விளிம்பில் விழும் உடல் எடை, சுவரோரம் உள்ள மேல் திருகுகளை வெளியே இழுக்கும் விசையாக மாறுகிறது. எங்கள் சுவர் செங்கல் என்பதால் பலகை பிழைத்தது. அன்றே கடைக்குப் போய்க் குளியலறைகளில் பொருத்தும் கைப்பிடிக் கம்பி ஒன்று வாங்கி, அம்மா உட்காரும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு திருகுகளில் அடித்தோம். இந்தப் பால்கனிக்காக நான் செய்த செலவுகளில் மிகவும் பயன்பட்டது அந்தக் கம்பிதான்.

ஊஞ்சல்

ஆசை யாரை விட்டது! தொங்கும் கூடை ஊஞ்சல் வேண்டும் என்று என் தங்கை கேட்டபோது நான் தடுத்தேன், அவளுக்கு அதில் வருத்தம். காரணத்தை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊஞ்சலில் தொங்கும் எடை நிலையான எடை அல்ல. ஆடும்போதும், தொப்பென்று உட்காரும்போதும் கொக்கியில் விழும் இழுவிசை உடல் எடையைவிடக் கூடுகிறது. அந்தக் கொக்கி எதில் இருக்கிறது? நம் பால்கனியின் கூரை என்பது மேல் வீட்டுக்காரரின் பால்கனித் தரை. பெரும்பாலான அடுக்ககங்களில் அது சுவரிலிருந்து ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் கொண்டு வெளியே நீட்டி நிற்கும் தளம். நான்கைந்து அங்குலத் தடிமன்தான். அதற்கு மேலே தொட்டியும் வாளியும் இருக்கும், தண்ணீர் தெளிப்பார்கள், கசிவு இறங்கும். கடலோரத்தில் இருபது, முப்பது ஆண்டுப் பழைய கட்டடங்களில் பால்கனிக் கூரையின் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதரைத் தொங்கவிடக் கூடாது. கட்டும்போதே கான்கிரீட்டுக்குள் கொக்கி வைத்துக் கட்டியிருந்தால் வேறு. இல்லையென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் துளையிட வேண்டாம்.

தாங்கியோடு வரும் கூடை ஊஞ்சலில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அதன் வட்ட அடிப்பகுதி ஒரு மீட்டர் அளவு. எங்கள் அகலம் 114 செ.மீ. பால்கனி முழுக்க ஊஞ்சல்தான் இருக்கும், அதுவும் ஆட இடமில்லாமல். தங்கையின் வீட்டுப் பால்கனி ஆறடி அகலம், அங்கே இன்று அது அழகாக ஆடுகிறது.

தொடர்ந்து ஒன்று. தரையிலும் துளையிடாதீர்கள். வெளியே நீட்டி நிற்கும் தளத்தில் முக்கியக் கம்பிகள் மேற்பரப்பை ஒட்டித்தான் ஓடுகின்றன. இருக்கையின் காலைத் தரையோடு பொருத்தப் போய் அந்தக் கம்பியை வெட்டினால் நம் காலடியில் இருக்கும் பலத்தையே வெட்டுகிறோம். நீர்க்கசிவு கீழ் வீட்டுக்குப் போவது அடுத்த பிரச்சினை.

பெட்டி இருக்கை

மூடியைத் தூக்கினால் உள்ளே பொருள் வைக்கலாம், மூடினால் உட்காரலாம். இதற்குத்தான் என் ஓட்டு. எதையும் விரிக்க வேண்டாம், மடிக்க வேண்டாம். டம்ளரோடு போய் உட்கார வேண்டியதுதான். மாப்பு, துணிக் கிளிப்புகள், உரப் பை, மண்வெட்டி, தண்ணீர் தெளிக்கும் குழாய் எல்லாம் உள்ளே போய்விட்டதால் பால்கனி அகலமாகிவிட்டது போலவே தெரிகிறது.

எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் நீளமான வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கிறார்கள். 42 செ.மீ. ஆழப் பெட்டி அங்கே நின்றால் 114இல் 72தான் மிச்சம், அதிலும் உட்கார்ந்தவரின் கால். குறுகிய பக்கத்தின் முழுச் சுவரை ஒட்டி வையுங்கள். எட்டரை அடி நீளத்தில் ஒன்றரை அடிக்கும் குறைவாகத்தான் போகிறது, மிச்ச ஏழடியும் துணிக்கும் நடைக்கும் அப்படியே கிடைக்கிறது. முதுகுக்குச் சுவர், பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, எதிரே ஒரு மடக்கு நாற்காலி, இடையே சுவர்ப் பலகை. ரயில் இருக்கை அமைப்பு முழுமையாகிவிடுகிறது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன், அழுத்தமாகவே மறுக்கிறேன். ஒரு மீட்டர் கிராதிக்குப் பக்கத்தில் 45 செ.மீ. பெட்டி என்பது குழந்தைக்குக் கட்டித் தந்த படிக்கட்டு. ஏறி நின்றால் கிராதி அதன் இடுப்பளவுகூட இருக்காது. கிராதிக்கும் பெட்டிக்கும் நடுவே ஓரடி விட்டாலும் குழந்தை எட்டிவிடும். தொட்டி, வாளி, ஸ்டூல் எதற்கும் இது பொருந்தும். குழந்தை ஓரளவு வளரும்வரை மடக்கு நாற்காலியை வெளியே எடுத்து, உட்கார்ந்து, எழும்போதே உள்ளே கொண்டுவந்து கதவைத் தாழிடுவது ஒன்றுதான் சரி. அப்போது டம்ளர் சோதனையை மறந்துவிடுங்கள்.

எதில் செய்வது? சாதாரண ஒட்டுப்பலகை முதல் மழையிலேயே உப்பிப் பிரிந்துவிடும். ஒட்டுப்பலகைதான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ரகத்தைக் கேளுங்கள், வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றையும் வண்ணமோ பிசினோ பூசி அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நுழைவது விளிம்பு வழியாகத்தான். நான் அலுமினியச் சட்டத்தில் பி.வி.சி. பலகை வைத்துச் செய்தேன். கரையான் தொடாது, இலேசாக இருக்கிறது, பலகை வளையாமலிருக்க மூடியின் அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் அவசியம். அடிப்பகுதி தரையைத் தொடாமல் இரண்டு அங்குலம் தூக்கி நிற்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி வடிகாலை மறித்துவிடும். பின்புறம் மேலாக நான்கு சிறு காற்றுத் துளைகள் வேண்டும். அவை இல்லாமல் மூடிவைத்த பெட்டிக்குள் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்குப் பிறகு பூஞ்சை வந்து, உள்ளே இருந்த கோரைப் பாய் கறுத்துப் போனது. துளையிட்ட பிறகு அது வரவில்லை.

எடையைப் பற்றிச் சிலர் பயப்படுவார்கள். வீட்டுப் பால்கனிகளுக்கு நம் நாட்டு விதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ. விதிப்படி கட்டிய, நல்ல நிலையில் உள்ள பால்கனியில் ஒரு பெட்டியும் இரண்டு மனிதர்களும் கவலைக்குரியவர்கள் அல்லர். ஈர மண் நிரம்பிய பெரிய தொட்டிகளை வரிசையாகக் கிராதி ஓரம் அடுக்குவதுதான் கவலை. அந்த விளிம்புதான் பிடிமானத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது. கனமான தொட்டிகள் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கட்டும்.

பாய், மணை

முழங்கால் ஒத்துழைப்பவர்களுக்கு இதற்கு இணையானது வேறில்லை. சுருட்டினால் ஒரு மூலையில் நின்றுகொள்ளும், ஒரு கையால் உதறி விரித்துவிடலாம், நான்கு பேர்கூட உட்காரலாம். கிராதி வைத்த பால்கனி என்றால் தரையிலிருந்தே தெரு தெரியும். கோரைப் பாயை மழைக்காலத்தில் உள்ளே எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் நிலா தெரியும் இரவுகளில் இன்றும் பாய்தான்.

எதை யாருக்கு

வாடகை வீடு, சுவரில் துளையிட உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால்: கை வைத்த நாற்காலி ஒன்று, மர மடக்கு நாற்காலி ஒன்று, மேசைக்குப் பதில் முக்காலி ஒன்று. முக்காலியில் மூன்றாமவர் உட்காரவும் செய்யலாம். மூன்றும் அடுத்த வீட்டுக்கும் வரும். மேசையை மனத்திலிருந்து எடுத்துவிட்டால் சின்ன பால்கனியின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. முதலில் இருக்கையைத் தேடுங்கள், டம்ளர் வைக்க இடம் தானாக அமையும்.

சொந்த வீடு, பெரியவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் இல்லை என்றால்: குறுகிய பக்கத்தில் பெட்டி இருக்கை, சுவரில் கைப்பிடிக் கம்பி, 30 செ.மீ. பலகை, எதிரே ஒரு மடக்கு நாற்காலி. எனக்கு எல்லாம் சேர்த்து, தச்சர் கூலி உட்பட, ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இதில் பெட்டிக்கு மட்டும் ஏறக்குறைய ஐயாயிரம்.

கிழக்கும் வடக்கும் பார்த்த பால்கனிகளுக்குச் சாரல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நேராக உள்ளே வரும். அங்கே மரத்தைவிட அலுமினியம், பி.வி.சி. நல்லது. மேற்குப் பார்த்தவர்களுக்கு ஆண்டு முழுக்க மாலை வெயில் இருக்கிறது, பிளாஸ்டிக் அங்கே சீக்கிரம் பொடிக்கும். மரத்துக்கு எண்ணெய் பூசிப் பயன்படுத்துங்கள்.

துணிக்கொடியை மாற்றாமல் இவற்றில் எதை வாங்கியும் பயனில்லை. தலைக்கு நேரே ஈரத்துணி சொட்டும் இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். கூரையில் கயிறு வைத்து ஏற்றி இறக்கும் கம்பிகளைப் பெட்டி இருக்கைக்கு எதிர்ப்பக்க நான்கடிக்குள் அடக்கிவிட்டோம். துணியின் எடை ஊஞ்சல் எடை அல்ல, ஆயினும் காரை பெயராத, தட்டினால் கெட்டியாக ஒலிக்கும் இடத்தில்தான் கொக்கிகளைப் போட்டோம்.

தச்சர் வந்த அன்று பெட்டியின் உயரம் 45 செ.மீ. என்று எழுதிக்கொண்டார், அதுதான் வழக்கமான அளவு. அம்மாவைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் முழுக்கத் தரையில் பதிய, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நான் நாடாவால் அளந்தேன். 41 வந்தது. மெத்தைக்கு 3 செ.மீ. விட்டுப் பெட்டியை 38இல் முடிக்கச் சொன்னேன். மெத்தையில் உட்கார்ந்ததும் அது சற்று அமுங்க, அம்மாவின் கால் தொங்காமல் ஊன்றுகிறது. இப்போது மாலை ஐந்து மணிக்கு முறத்தில் முளைக்கீரையோடு தானாகப் போய் உட்காருகிறார், யாரையும் கூப்பிடாமல் தானாக எழுந்து வருகிறார். உங்கள் வீட்டில் உட்காரப் போகிறவரின் அந்த அளவை எடுத்துச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.